மாமாவின் கட்டிலில் படுத்திருந்த ஆள்

என் கணவரின் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். மஸ்ஜித் தானா ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் நான் வளர்ந்தபோது, ரப்பர் பால் ஏற்றிப்போக வரும் லோரியை ஓட்டியவர் அவர்தான். என்னைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தவரும் அவரே. "இந்தப் பொண்ணு நிமிந்து பாத்துப் பேசுது, அதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று என் அம்மாவிடம் சொன்னாராம். கல்யாணமாகி பாச்சாங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு என் சமையலை அவர் குறை சொன்னதே இல்லை. அத்தை நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் மாமா, என் கணவர், நான் மட்டும். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஸ்ட்ரோக் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். வாய் கோணவில்லை, பேச்சு தெளிவாக இருந்தது, கோலை ஊன்றி நடக்கவும் செய்தார். இடது கை மட்டும் தொங்கிப் போயிருந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் அவரிடம், வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொய்யே இல்லை. நாங்களும் நம்பினோம். அவரைப் பார்த்துக்கொள்ள நான் ஃபேக்டரி வேலையை விட்டேன்.

குறை சொல்ல ஆரம்பித்தது சோற்றுத் தட்டில்தான்.

"ஏம்மா, கொழம்பு ஊத்தலியா?"

ஊற்றியிருந்தேன். மீன் துண்டும் வைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் கேட்கிறார் என்று நினைத்து மறுபடி ஊற்றினேன். அடுத்த நாள் முட்டைக்கோஸ் வைக்கவில்லை என்றார். அதற்கடுத்த நாள் பாதித் தோசையைச் சாப்பிட்டுவிட்டு, "ஒரு முழுத் தோச சுட முடியலியா உனக்கு?" என்று கேட்டார். மீதித் தோசை தட்டிலேயே கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரையும் பார்த்தேன். அவர் கோபமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னும் சில விஷயங்கள் இருந்தன. கண்ணாடி முன் உட்கார்ந்து முகம் மழிப்பார். ஒரு கன்னம் வழவழவென்று இருக்கும், மறு கன்னத்தில் வெள்ளை முடி அப்படியே நிற்கும். கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டு, "யாரு இத இங்க கொண்டுவந்து வெச்சது?" என்று சத்தம் போடுவார். தமிழ்ப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் ஒழுங்காவே எழுத மாட்டேங்கிறானுங்க, தலையும் இல்ல வாலும் இல்ல" என்பார். வயசாகிவிட்டது, சலிப்பாக இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் கணவர் அவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். பார்வை வயதுக்குத் தகுந்த மாதிரி நன்றாகவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் செய்தியோடுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கண் தெரிகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. பழைய லோரி கதைகளை ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறார். அப்படியென்றால் தட்டில் இருக்கும் மீனை இல்லை என்று சொல்வது வேண்டுமென்றேதானே? பேரப்பிள்ளை இல்லை என்ற கோபமா? யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா? சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்: என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி.

அண்ணி தங்கா பத்து என்ற ஊரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து அப்பாவைப் பார்க்க வருவார். மாமா அவரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்வதும், நான் காப்பி எடுத்துக்கொண்டு வந்தால் பேச்சு நிற்பதும் வழக்கமானது. ஒரு ஞாயிறு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி அடுப்படிக்கு வந்து நின்றார்.

"அப்பா மெலிஞ்சிட்டாரு."

"ஆமா அண்ணி. நல்லாத்தான் ஆக்கிப் போடுறேன். தட்டுல பாதிய விட்டுர்றாரு."

"பாதிதான் வைக்கிறன்னு அவரு சொல்றாரு."

நான் சோப்புக் கையோடு திரும்பினேன். "நான் ஏன் அண்ணி அப்படிச் செய்யப் போறேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்லா. வீடு அவரு பேர்ல இருக்கு. கெழவன் சீக்கிரம் போனா யாருக்கு லாபம்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களா?"

அவர் சொன்ன அந்த நாலு பேர் யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கணவர் வேலை முடிந்து வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். பசியில் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். எவ்வளவு மீதி இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் குற்றவாளி மாதிரி பேசுகிறாய் என்பார் என்று தோன்றியது. மாமாவுக்குச் சோறு போடும்போது வாசல் கதவைத் திறந்தே வைத்தேன். எதிர்வீட்டு மலாய் அம்மா பார்க்கட்டும், ஒரு சாட்சி இருக்கட்டும் என்று.

இதற்கு மேல்தான் அந்த ஆள் வந்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாமா படுத்திருந்தார். நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் கத்தும் குரல் கேட்டது. ஓடினேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா அவன்?"

"யாரு மாமா?"

"எம் பக்கத்துல படுத்திருந்தான். கை மேல பட்டுச்சு."

அறையில் யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் பார்த்தேன். கனவு கண்டிருப்பீங்க என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் தண்ணீரைக் குடித்தபடி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எஸ்டேட்டில் கண்டிருக்கிறேன். ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில், மரம் வெட்டும் பெண் வாளியில் தண்ணீர் கலந்துவிட்டாளோ என்று கணக்கு எழுதும் கிராணி பார்க்கும் பார்வை.

அதன்பிறகு அந்த ஆள் அடிக்கடி வந்தான். எப்போதும் நான் பக்கத்தில் இல்லாத நேரம்தான். எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. பின்கதவைத் தாழ்போட்டுவிட்டுத் துணி துவைத்தேன். கூரையில் பூனை ஓடினால்கூட வெளியே வந்து பார்த்தேன். உண்மையிலேயே எவனாவது வந்து போகிறானோ என்று நானே அறை அறையாகத் தேடினேன்.

மாமா இதை ஃபோனில் அண்ணியிடம் சொல்லிவிட்டார். நான் அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ள ஒரு ஆள் இருக்கான்மா... இல்ல இல்ல, கனவு இல்ல. ஆம்பள கை. முடி இருக்கு. தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்துச்சு... அவ இல்லன்னுதான் சொல்றா. இல்லன்னுதான சொல்லுவா."

கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத பெண், பகல் முழுக்க வீட்டில் தனியாக ஒரு நோயாளியோடு இருப்பவள், அந்த வீட்டில் ஒரு ஆம்பளையின் கை. இதற்கு மேல் யாரும் எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. என் கணவர் பாச்சாங்கிலேயே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை செய்தார், ஆனால் பகலில் வீட்டுக்கு வந்ததே கிடையாது. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். உள்ளே வந்து, பின்பக்கம் போய்க் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். அப்புறம் மாமாவின் அறையை எட்டிப் பார்த்தார்.

"என்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. ஒரு சாமான் மறந்துட்டேன்."

எதையும் எடுக்காமல் போனார். மோட்டார் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்த பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் உடம்பு அதைக் கேட்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது, வாய் வறண்டது. பிடிபட்ட திருடிக்கு என்னவெல்லாம் ஆகுமோ அத்தனையும் ஆனது. அந்த நேரம் அவர் என்னைப் பார்த்திருந்தால் சந்தேகமே இல்லாமல் முடிவு கட்டியிருப்பார்.

அடுத்த சில நாளில் அண்ணி துணிப்பையோடு வந்து இறங்கினார். அப்பாவோடு கொஞ்ச நாள் இருக்கப் போகிறேன் என்றார். எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "இனிமே அப்பாவுக்கு நான் ஆக்கிப் போடுறேன். நீ ஒதுங்கிக்க" என்றார். ஒதுங்கிக்கொண்டேன். பகலில் மாமாவின் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், முன்கதவும் பின்கதவும் ஒருசேரத் தெரியும்படி.

வந்த மறுநாள் மாமா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உன் அண்ணி சரியில்லம்மா. வெறும் சோத்தப் போடுறா. கறியே வைக்க மாட்டேங்கிறா. நீயாவது கொஞ்சம் வெச்ச."

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. உள்ளே போய்ச் சிரித்தேன்.

அன்று மத்தியானம் அண்ணிக்கே நேராக அது நடந்தது. ஆட்டுக்கறிப் பிரட்டல் வைத்து, கத்திரிக்காய் வைத்து, சோறு போட்டுத் தட்டை அவர் கையாலேயே மாமாவின் முன்னால் வைத்தார். மாமா சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, "கறி ஆக்கின வாசம் வருது. எனக்கு மட்டும் இல்லியா?" என்றார்.

"இந்தா இருக்குல்ல, அப்பா."

"எங்க இருக்கு? நீயும் அவகூட சேந்துட்டியா?"

அண்ணிக்குக் கோபம் பொங்கியது. "பாருங்க, கண்ணத் தொறந்து பாருங்க" என்று தட்டை அவர் பக்கம் வேகமாக நகர்த்தினார். நகர்த்திய வேகத்தில் தட்டு பாதி சுற்றித் திரும்பி நின்றது.

மாமா குனிந்து பார்த்தார். "ம். இப்பத்தான் கொண்டாந்து வைக்கிற" என்று சொல்லிவிட்டுக் கறியை எடுத்து ஆசையாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

நாங்கள் இரண்டு பேரும் தட்டைப் பார்த்தோம். அவர் முதலில் சாப்பிட்ட பாதி சுத்தமாகக் காலியாக இருந்தது. சோறு நடுவில் நேர்க்கோடாக நின்றது, கத்தியால் வெட்டி எடுத்த கேக் மாதிரி. கோட்டுக்கு ஒரு பக்கம் ஒரு பருக்கை இல்லை. மறுபக்கம் அதுவரை தொடாத சோறும் கறியும். பசியில்லாத ஆள் மிச்சம் வைப்பது இப்படி இருக்காது. நடிப்பவருக்கும் இத்தனை நேராகச் சாப்பிட வராது.

அண்ணி என்னைப் பார்த்தார். ஆனாலும் அவர் முகத்தில் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. தட்டுக்கு ஒரு விளக்கம் கிடைக்கலாம், அந்த ஆம்பளைக்கு என்ன விளக்கம் என்று யோசிக்கிறார் என்பது புரிந்தது.

அதற்கும் அன்று சாயங்காலமே பதில் வந்தது. மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி வாசல் நாற்காலியில், நான் ஜன்னல் பக்கம் துணி மடித்துக்கொண்டு. வீட்டில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. திடீரென்று மாமா விறைத்துப் போனார்.

"வந்துட்டான். ம்மா, வந்துட்டான்."

அண்ணி துள்ளி எழுந்தார். "எங்க அப்பா? எங்க?"

மாமா வலது கையால் மடியைத் தடவித் தேடினார். அங்கே கிடந்த ஒரு கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். "இந்தா. புடிச்சிட்டேன். இவன்தான். இவன வெளிய போகச் சொல்லு."

அவர் தூக்கிப் பிடித்திருந்தது அவருடைய இடது கை.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மாமாவின் பக்கத்தில் போனேன். அந்தக் கையில் அவருடைய பழைய கைக்கடிகாரம் இருந்தது. தினமும் காலையில் நான்தான் கட்டிவிடுவேன்.

"மாமா, இது உங்க கை. உங்க வாட்ச்சுதான பாருங்க."

அவர் கடிகாரத்தை உற்றுப் பார்த்தார். "ஆமா, என்னோட வாட்ச்சுதான்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அதையும் எடுத்துக் கட்டிக்கிட்டானா?"

அண்ணி அழ ஆரம்பித்தார். அன்றைக்கு நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது அடங்கிய பிறகு வந்த கோபம் யார் மீது என்றே தெரியவில்லை.

மறுநாள் எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த முறை பார்த்தவர் ஒரு தமிழ் டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு மாமாவின் இடது பக்கம் போய் நின்று, "ஐயா, எப்படி இருக்கீங்க?" என்றார். மாமா வலது பக்கம் திரும்பி யாரையோ தேடினார். கண்ணை மூடச் சொல்லி இடது கையைத் தொட்டார். தொட்டது தெரிகிறது என்றார் மாமா. இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தொட்டார். வலது மட்டும் என்றார் மாமா. டாக்டரம்மா தலையசைத்தார்.

மூளையின் வலது பாதியில் ரத்தம் போகாமல் செத்துப்போன இடத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் பாதிதான் உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது. கை விழுந்தது அதனால்தான். அதோடு, இடது பக்கத்தைக் கவனிக்கும் வேலையும் அங்கேதான் நடக்கிறது. அந்த வேலை நின்றுவிட்டது என்றார்.

அண்ணி விடவில்லை. "கண்ணு நல்லா இருக்குங்கிறாங்க. அப்புறம் எப்படித் தெரியாமப் போகும்?"

"இப்ப உங்க முதுகுக்குப் பின்னால இருக்கிற இடம் உங்களுக்கு எப்படித் தெரியுது? இருட்டாத் தெரியுதா?"

அண்ணி யோசித்தார். "இருட்டால்லாம் இல்ல. ஒண்ணுமே தெரியல."

"அங்க தெரியலன்னு நீங்க கவலப்படுறீங்களா?"

"இல்ல."

"ஐயாவுக்கு இடது பக்கம் அப்படி ஆயிடுச்சு. ஒண்ணு கொறையுதுன்னே அவருக்குத் தெரியாது. தட்டுல கறி இல்லன்னா, யாரோ வைக்கலன்னுதான் அவரு மூளை முடிவு பண்ணும். மடியில ஒரு கை கெடக்கு, அது தன்னோடதுங்கிற சேதி வரல. அப்ப வேற யாரோ ஒரு ஆளோடது."

"அப்ப அவரு பொய் சொல்லலியா?" என்று நான் கேட்டேன்.

"ஒரு பொய்யும் சொல்லல."

என் கணவர் இரவல் வாங்கிய காரில் திரும்பினோம். மாமா முன்சீட்டில் உட்கார்ந்து வலது பக்கத்துக் கடைகளின் பேரை மட்டும் வாசித்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் என் பக்கத்தில் அண்ணி. அந்த டாக்டரம்மா ரொம்பச் சின்னப் பெண்ணாக இருக்கிறாளே, சரியாகத்தான் சொல்கிறாளா என்று பாதி வழியில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். பிறகு அவரே அதை விட்டுவிட்டார்.

அண்ணி உடனே ஊருக்குத் திரும்பவில்லை. டாக்டரம்மா சொன்னபடி மேசையின் இடது ஓரத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார். அந்தத் துணி கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று அப்பாவைப் பழக்கினார். வேண்டுமென்றே இடது பக்கம் உட்கார்ந்து பேசுவார். முதல் வாரங்களில் அது அண்ணிக்குப் பெரிய தண்டனையாகவே இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மகளை வைத்துக்கொண்டு மாமா என்னிடம், "உன் அண்ணி எட்டிப் பாக்கவே மாட்டேங்கிறா, பாத்தியா" என்பார். அண்ணி வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார். இல்லாத ஒன்றுக்குப் பழி சுமப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாமல் போனது. என்னிடம் மன்னிப்பு என்று அவர் வாயால் வரவில்லை. ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது என் துணிகளையும் சேர்த்துத் துவைத்து உலர்த்தியிருந்தார்.

என் கணவரிடம் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அன்னிக்குப் பகல்ல எதுக்கு வந்தீங்க?"

"அப்பா அப்படிச் சொல்லும்போது நான் என்னா பண்ணட்டும்? அவரு பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல."

"என்னைப் பாத்திருக்கீங்களா, பொய் சொல்லி?"

"இல்ல" என்றார். பிறகு, "தப்புதான்" என்றார். அவர் கண் கலங்கியது. நான் சரி என்றேன். மனம் சரி என்றுதான் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு வெகு காலம், பகலில் தெருவில் மோட்டார் ஒன்று மெதுவாக வந்து நின்றால் என் உள்ளங்கை வேர்க்கும். யாருடைய மோட்டார் என்று பார்ப்பதற்கு முன்பே வேர்த்துவிடும்.

மாமா மெல்ல மெல்லத் தேறினார். முதலில் தட்டு முழுதாகக் காலியானது, பிறகு கன்னம் இரண்டும் ஒன்றுபோல ஆயின. அந்த ஆள் வருவது குறைந்து ஒருகட்டத்தில் நின்றது. ஆனால் அவன் வரவே இல்லை என்று மட்டும் மாமாவை ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. ஸ்கேன் படத்தைக் காட்டினோம், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா அவன் இருந்தான். நான் தொட்டேன்ல" என்பார்.

எனக்கு வாக்குவாதம் செய்யத் தோன்றவில்லை. தொட்டது உண்மைதானே.

அடுத்த வருஷம் அண்ணி ஊருக்குத் திரும்பினார், நான் மறுபடி ஃபேக்டரிக்குப் போனேன். பகலில் மாமா தங்கா பத்துவில் அண்ணி வீட்டில் இருப்பார். சாயங்காலம் வேலை முடிந்து அவரை அழைத்துவரப் போவேன். அண்ணி எனக்குக் காப்பி போட்டு வைத்திருப்பார். மாமா இரண்டு வீட்டுச் சமையலையும் ஒப்பிட்டு, யாருடைய கொழம்பில் புளி கூடிப்போகிறது என்று தன் தீர்ப்பைச் சொல்வார். எங்கள் இருவருக்குமே அது பிடிக்காது. ஆனால் அவர் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார் என்பதால் கேட்டுக்கொண்டோம்.